எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு சாட்ஜிபிடி உதவியை எடுத்துக்கொள்ளலாமா?

நீங்கள் புள்ளியியல் கடைசி செமஸ்டர் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே பாடத்தைத்தான் கல்லூரியில் நடத்துகிறேன். எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் துறையில் எதுவரை அனுமதி என்று முதலிலேயே கைடிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், எந்தப் பகுதியானாலும் முதல் வரைவை நீங்களே எழுதுங்கள். சுமாராக இருந்தாலும் சரி. உதாரணமாக, "p மதிப்பு 0.03. எனவே நல் ஹைபாதிசிஸ் உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்புதான் உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். (நல் ஹைபாதிசிஸ் என்றால் வித்தியாசமோ தொடர்போ எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும் தொடக்க அனுமானம்.) பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதை சாட்ஜிபிடியிடம் கொடுத்து, "தப்பு எங்கே என்று மட்டும் சொல், மாற்றி எழுதாதே" என்று கேளுங்கள். நல் ஹைபாதிசிஸ் உண்மை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு வருவதற்கான வாய்ப்புதான் 0.03 என்று பெரும்பாலும் விளக்கிவிடும். அந்த விளக்கத்தைப் பாடப்புத்தகத்தில் சரிபார்த்துவிட்டு, நீங்களே திருத்துங்கள். பத்தியையே அதனிடம் எழுதி வாங்கியிருந்தால், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் "0.03ன்னா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்கும்போது விழிக்க வேண்டியதுதான்.

முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் லிட்டரேச்சர் ரிவ்யூவில்தான் எனக்குப் பெரிய பயம். நிஜமான ஆய்வாளர் பெயர், நிஜமான ஜர்னல், ஆனால் இல்லாத கட்டுரை என்று கலந்து கொடுக்கும். 2023-ல் நியூயார்க்கில் இப்படி சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அதனால் அது தரும் டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய தனி அடையாள எண்) ஒவ்வொன்றையும் டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள். சில சமயம் எண் திறக்கும், ஆனால் வேறு கட்டுரை வரும். தலைப்பு ஒத்துப்போனாலும் சுருக்கத்தையாவது படிக்காமல் சேர்க்காதீர்கள்.

நீங்களே எழுதியதை "ஏஐ எழுதியது" என்று சொல்லிவிட்டால்? இந்தக் கவலை நியாயமானதுதான். 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை, ஏஐ எழுத்தைக் கண்டறியும் ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகக் காட்டின. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பாடுபட்டு எழுதும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! கூகுள் டாக்ஸில் எழுதினால் பழைய வரைவுகள் தேதியோடு இருக்கும். அவற்றை அழிக்காதீர்கள். எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ரிப்போர்ட்டிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

சர்வே எடுத்திருந்தால், பதில் சொன்னவர்களின் பெயரும் போன் நம்பரும் உள்ள எக்செல் ஷீட்டை அப்படியே சாட்ஜிபிடியில் ஏற்ற வேண்டாம். அவர்கள் உங்களை நம்பித்தான் கொடுத்தார்கள்.