கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும்: கையிலிருக்கும் பணத்துக்குள் மாற்றுவது எப்படி? கேள்வி பதில்

கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. முக்கால்வாசிப் பேர் எந்தக் கார்டு என்றுதான் தொடங்குகிறீர்கள். எந்த மானிட்டரில் விளையாடப் போகிறீர்கள், உள்ளே என்ன எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) இருக்கிறது, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். கார்டு பாதி முடிவாகிவிடும்.

திருச்சி: அண்ணா, ஐ5 10400எஃப், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. மானிட்டர் 24 இன்ச், 1080பி, 75 ஹெர்ட்ஸ். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. ஆர்எக்ஸ் 6600 வாங்கவா, ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கவா? எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடு வந்தது, 450 வாட்.

தம்பி, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450ஐ விட்டுவிடுங்கள். கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று போட்டு ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் கரண்ட் எடுக்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள். 192 வாட். உங்களுக்கு உதவப்போவது அவ்வளவுதான்.

இதுவரை குறை தெரியாததற்குக் காரணம், 1050 டிஐ 75 வாட்டுக்குள் ஓடும் கார்டு. பெரும்பாலான மாடல்கள் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆர்எக்ஸ் 6600 கேட்பது 132 வாட், அதற்குத் தனியாக 8 பின் ஒயரும் வேண்டும். மலிவான எஸ்எம்பிஎஸ் பலவற்றில் அந்த ஒயரே வராது. "சாட்டா ஒயரில் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம்" என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் ஒயர், அதன் பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும். மேலே இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம்.

கார்டு விஷயத்தில் ஆர்எக்ஸ் 6600தான் என் தேர்வு. 1080பியில் (அகலம் 1920, உயரம் 1080 புள்ளி) அது 3050ஐவிடத் தெளிவாக வேகமானது. உங்கள் போர்டு பிசிஐஇ 3.0 (கார்டு சொருகும் ஸ்லாட்டின் பழைய தலைமுறை) என்பதால் வேகம் குறையுமா என்ற பயம் வேண்டாம். 6600 எட்டு லேன் (தகவல் போகும் பாதை) எடுக்கும் கார்டு, குறைவது சொற்பம்தான். 3050ல் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வகை இருக்கிறது. 6 ஜிபி வகையில் மெமரி மட்டும் குறையவில்லை, கோர் (கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கையும் குறைவு. கடைக்காரர் சொல்லாமல் கொடுத்துவிடுவார்.

முதலில் நல்ல கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் (கரண்டைக் குறைவாக வீணாக்கும் என்ற சான்று) எஸ்எம்பிஎஸ். மீதிப் பணத்துக்குக் கார்டு எட்டாவிட்டால் கார்டு அடுத்த மாதம் வரட்டும்.

சேலம்: ஐ3 9100எஃப். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

வேண்டாம். அது நாலே லேன் உள்ள கார்டு. உங்கள் போர்டு பிசிஐஇ 3.0, மெமரியும் 4 ஜிபி. மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். வீடியோ என்கோடரும் (ஆட்டத்தைப் பதிவு செய்ய உதவும் பகுதி) அதில் இல்லை.

மதுரை: சார், பையன் பத்தாவது முடித்திருக்கிறான். ஆபீஸில் கழித்த சின்ன டெஸ்க்டாப் ஒன்று வாங்கினோம், ஐ5 ஆறாம் தலைமுறை. கடையில் பெரிய கார்டு போடலாம் என்கிறார்கள்.

அம்மா, போட முடியாது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் முழு உயரக் கார்டு நிற்காது. அதன் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனியே தனியாகச் செய்த வடிவம் என்பதால் வெளியில் வாங்கி மாற்றுவதும் கடினம். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, லோ புரொஃபைல் (பாதி உயர) வகை என்று கேளுங்கள். 70 வாட்தான், தனி பவர் ஒயர் வேண்டாம். இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ளே இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். குட்டையான பின் தகடு பெட்டியிலேயே வருகிறதா என்றும் பாருங்கள்.

கோவை: 27 இன்ச் 1080பி 180 ஹெர்ட்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 24 இன்ச்சும் ஏறக்குறைய அதே விலை. பெரியதையே எடுத்துவிடலாம்தானே?

24 எடுங்கள். 1080பியில் 24 இன்ச் என்றால் ஒரு இன்ச்சுக்கு 92 புள்ளி, 27 என்றால் 82தான். மேசையில் இரண்டடியில் உட்காருபவருக்கு இது தெரியும். கேமில்கூடச் சமாளிக்கலாம், எழுத்தில் தப்ப முடியாது. பிரவுசரில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து ணு, ஜூ, ஞ மாதிரி எழுத்துகளின் சுழிகளைப் பாருங்கள். 27ல் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு மசமசவென்று இருக்கும்.

சென்னை: இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் ஹாலில் நாலடி தள்ளி உட்கார்ந்து கன்ட்ரோலரில் விளையாடுகிறேன். 27 இன்ச் 1080பிதான், புள்ளி தெரியவே இல்லை.

நாலடிக்கு நீங்கள் சொல்வது சரி. கோவைக்காரர் உட்காரும் இடம் வேறு.

கோவை: ஆமாம், மேசைதான். அப்படியானால் 27 இன்ச் 1440பி வாங்கிவிடுகிறேன். கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர்.

1080பியில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பியில் 36.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமிலும் கார்டு ஏறக்குறைய 1.8 மடங்கு புள்ளி வரைய வேண்டும். 1660 சூப்பரில் இருப்பது 6 ஜிபி, டிஎல்எஸ்எஸ்ஸும் (குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) கிடையாது. "அந்த மானிட்டரிலேயே 1080பி வைத்து விளையாடுவேன்" என்பீர்கள். 1080 வரிகளை 1440க்கு இழுக்கும்போது கணக்கு முழு எண்ணாக வராது, படம் மங்கும். 1440பி வாங்கினால் கார்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

ஈரோடு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மானிட்டர் எத்தனையோ வருடம் உழைக்கும், கார்டு சீக்கிரம் பழசாகிவிடும். நல்ல மானிட்டரை முதலில் வாங்குவதுதானே லாபம்?

அடுத்த கார்டு எப்போது என்று தெரிந்தவருக்கு லாபம். ஒரு வருடத்துக்குள் கார்டு மாற்றுவதாக இருந்தால் கோவைக்காரர் 1440பி வாங்கட்டும், அதுவரை எஃப்எஸ்ஆர் (அதே மாதிரி வேலை செய்யும் ஏஎம்டி வசதி) போட்டு ஓட்டலாம். அது 1660லும் வேலை செய்யும். மாற்றும் எண்ணமே இல்லாவிட்டால் 24 இன்ச் 1080பியில் அந்தக் கார்டு இன்னும் நன்றாகவே ஓடும்.

சென்னை: ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது விஏ பேனல். கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. ஐபிஎஸ்ஸில் இது வராது.

உண்மை. விஏ, ஐபிஎஸ் இரண்டும் திரைப் பேனல் வகைகள்; விஏயின் கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம்) ஐபிஎஸ்ஸுக்குக் கிடையாது. ஆனால் விலை குறைந்த விஏ பேனல்களில் இருட்டான காட்சி வேகமாக நகர்ந்தால் பின்னால் கறை இழுபடும். கதை கேம் மட்டும் என்றால் விஏ நல்லது. வேலரன்ட், சிஎஸ் 2 மாதிரி வேகமான சுடும் கேம் ஆடுபவர் ஐபிஎஸ் எடுக்கட்டும். மானிட்டர் பேச்சை இத்தோடு முடிப்போம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர்: புது 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஒரு வித்தியாசமும் இல்லை.

விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில், அட்வான்ஸ்டு டிஸ்பிளேக்குள் போய்ப் பாருங்கள். நொடிக்கு 60 முறை மட்டும் படம் மாறும் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும், 165க்கு மாற்றுங்கள். கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் சொருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நெல்லை: 144 ஹெர்ட்ஸ் வாங்கினேன், பழைய மாதிரியேதான் இருக்கிறது.

மேலே தஞ்சாவூருக்குச் சொன்னதுதான்.

வேலூர்: என் சிஸ்டத்துக்கு எந்தக் கார்டு நல்லது?

பிராசஸர், எஸ்எம்பிஎஸ் லேபிள், மானிட்டர், பட்ஜெட். நாலும் இல்லாமல் சொல்ல முடியாது.

திண்டுக்கல்: என் எஸ்எம்பிஎஸ் 500 வாட் என்று போட்டிருக்கிறதே, போதாதா?

லேபிளில் 12 வோல்ட் கட்டம். திருச்சிக்கு எழுதியதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஓசூர்: பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி மலிவாக வருகிறது. மைனிங்கில் ஓடியதாக இருந்தால் வாங்கலாமா?

மைனிங் (கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டை இரவு பகலாக ஓட்டுவது) என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதோடு அந்த ஓட்டம் பெரும்பாலும் நின்றது. அவற்றில் தேய்வது ஃபேனும் தெர்மல் பேடும் (சூட்டைக் கடத்தும் பட்டை). விற்பவர் வீட்டிலேயே இருபது நிமிடம் ஒரு கேம் ஓட்டச் சொல்லுங்கள். ஃபேன் கரகரக்கிறதா, திரையில் வண்ணப் புள்ளிகள் வருகின்றனவா என்று பாருங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் (கோர்) எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். உண்மையான 580க்கு 2304. 2048 என்று இருந்தால் அது 580 பெயரில் வரும் 570 தரக் கார்டு, விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம், இது 185 வாட் கார்டு. எஸ்எம்பிஎஸ்!

நாகர்கோவில்: பழைய மானிட்டரை இரண்டாவதாக வைத்துக்கொள்ள ஆசை. அதில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது.

புதுக் கார்டுகளில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் சிக்னலே வராது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். வெறும் ஒயர் மட்டும் இருக்கும் கேபிள் வேலை செய்யாது.

கரூர்: லேப்டாப்பில் கார்டு மாற்ற முடியுமா?

ஏறக்குறைய எல்லா லேப்டாப்பிலும் முடியாது.

கடலூர்: கார்டு வாங்கிவிட்டேன், நாளை மாட்டப் போகிறேன். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது. இது எல்லா வீட்டிலும் இருப்பதுதானே?

இல்லை, நாளை மாட்டாதீர்கள். உங்கள் பிளக் பாயின்ட்டில் ஏர்த் வரவில்லை என்று நினைக்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கேபினட்டுக்குக் கசியும், ஏர்த் இருந்தால் அது அதில் போய்விடும். ஏர்த் இல்லாதபோது கேபினட்டில் 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்த நிலையில் எச்டிஎம்ஐ சொருகினால் கார்டின் போர்ட்டோ மானிட்டரின் போர்ட்டோ போய்விடலாம். எஸ்எம்பிஎஸ்ஸிலேயே பழுது இருந்தால் உயிருக்கும் ஆபத்து. பிளக்கை இப்போதே பிடுங்கி வையுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து ஏர்த் கம்பியைப் பார்த்துச் சரி செய்யட்டும். சிஸ்டமும் மானிட்டரும் ஒரே சுவிட்ச் போர்டில், மூன்று பின் பிளக்கில் இருக்கட்டும். அப்புறம் கார்டை மாட்டுங்கள்.