ஜெர்சித் தீவின் '1945' பென்னி: சேகரிப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஜெர்சிக் காசு ஒன்று வாங்கினேன். "லிபரேட்டட் 1945" (1945இல் விடுதலை) என்று இருக்கிறது, ஆனால் தலைப்பக்கம் எலிசபெத் ராணி! அப்போது ஆண்டது ஆறாம் ஜார்ஜ்தானே? போலியா சார்?

பதில்: நல்ல காசுதான். அந்த 1945 அச்சடித்த வருஷம் இல்லை. பிரான்ஸ் கரையை ஒட்டிய இந்தத் தீவை ஜெர்மானியப் படை 1940 ஜூலை முதல் 1945 மே 9 வரை பிடித்து வைத்திருந்தது. அந்த விடுதலையின் நினைவுக் காசு இது. 1949, 1950, 1952இல் ஜார்ஜ் தலையோடு அடித்தார்கள். 1954இல் அதே 1945ஐ வைத்துக்கொண்டு ராணி தலையைப் போட்டார்கள். இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். "அபூர்வப் பிழைக்காசு" என்று விலை சொல்பவரிடம் பேரம்கூடப் பேச வேண்டாம்.

கேள்வி: ஜார்ஜ் தலைக் காசில் எது 1949, எது 1952?

பதில்: காசைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒன்று போதும்.

கேள்வி: பென்னி என்று எழுதாமல் ஷில்லிங்கில் 12இல் ஒரு பங்கு என்று ஏன் எழுதினார்கள்?

பதில்: ஷில்லிங், பென்னி இரண்டும் பழைய இங்கிலாந்துப் பணம். ஜெர்சியில் முன்பு ஷில்லிங்குக்கு 13 பென்னி. 1841 காசுகளில் 13இல் ஒரு பங்கு என்றே இருக்கும். 1877இல் ஷில்லிங்குக்கு 12 பென்னி என்ற இங்கிலாந்துக் கணக்குக்கு மாறினார்கள். பின்னமாக எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கேள்வி: கறுத்துப்போன காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா அண்ணா?

பதில்: குத்துவிளக்குக்குச் செய்யுங்கள், காசுக்கு வேண்டாம். வெண்கலத்தின் பழுப்புத் தோலைப் புளியின் அமிலம் அரித்துவிடும். அடியில் இருந்து ரோஜா நிறச் செம்பு எட்டிப்பார்க்கும். அந்த நிறம் தெரிந்தாலே வாங்குபவர் பாதி விலைக்கு இறங்குவார். வாங்கும்போதும் இதையே பாருங்கள்: விளக்கடியில் காசை மெல்லச் சாய்த்தால், தேய்த்த காசில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடும். ராணியின் கிரீடம், கேடயத்தில் உள்ள சிங்கங்களின் பிடரி, இந்த மேடுகள்தான் முதலில் மழுங்குபவை.

கேள்வி: பிளாஸ்டிக் உறையில் வைத்த காசில் பச்சையாகப் பிசுபிசுக்கிறது.

பதில்: அது பி.வி.சி. என்ற மென்பிளாஸ்டிக் உறையின் வேலை. கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். பச்சை பொடியாக உதிர்ந்தால் கதை வேறு: உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தையே தின்னும் களிம்பு அது. அந்தக் காசை உடனே தனியாக எடுத்துவையுங்கள். மற்றவற்றை மைலார் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஜன்னல் வைத்த அட்டையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் மூடுங்கள். காசின் குறுக்களவு 30.8 மி.மீ., ஆகவே 32.5 மி.மீ. ஜன்னல் வாங்குங்கள். அட்டையை மூட அடிக்கும் ஸ்டேப்பிள் பின்னின் முனையைத் தட்டையாக்க மறந்தால் அடுத்த காசைக் கீறிவிடும்.

கேள்வி: எடை?

பதில்: சுமார் 9.4 கிராம். காந்தத்தில் ஒட்டக் கூடாது.

கேள்வி: ஆல்பத்தில் எந்த வரிசை?

பதில்: அச்சடித்த வருஷ வரிசைதான். 1946, 1947 தேதியிட்ட பென்னிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பிறகுதான் இரண்டு 1945களும், முதலில் ஜார்ஜ், அடுத்து ராணி. பிறகு 1957, 1960, 1964, 1966.