டவர் ஊருக்குள்ளயே நிக்குது, நெட் மட்டும் வரல!

இந்த வாட்டி வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். எங்க ஊருக்கு 5ஜி எப்போ வரும், இல்லன்னா வந்துடுச்சுன்றாங்களே ஏன் வேகமே இல்ல. அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணும் ஒரே மாவட்டமா இருந்த காலத்துல இருந்து இந்தப் பக்கம் டவர் மெயின்டனன்ஸ்ல வேலை பார்த்தவன் நான், ஏறி எறங்குன சைட்டுங்கள வெச்சுதான் பேசறேன்.

கேள்வி: அண்ணா, எங்க ஊரு ஒடுகத்தூர் பக்கம், மலை அடிவாரம். டவர் ஊருக்குள்ளயே இருக்குது, போன்ல 4ஜி ஃபுல்லா காட்டுது, ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒரு பிடிஎஃப் கூட இறங்க மாட்டேங்குது, சுத்திக்கினே இருக்கு. நான் காலேஜ் நோட்ஸ் எல்லாம் விடியகாலைல நாலு மணிக்கு எழுந்து டவுன்லோட் பண்றேன், அப்போ மட்டும் சர்ருன்னு வருது. வேலூர் டவுன்ல 5ஜி வந்து எவ்ளோ நாளாச்சு, எங்களுக்கு எப்போ வரும்? வந்தா சரியாயிடுமா?

பதில்: தங்கச்சி, நாலு மணிக்கு சர்ருன்னு வருதுன்னு எழுதியிருக்கியே, உன் கேள்விக்கு பதில் அந்த ஒரு வரியிலயே இருக்கு. சிக்னல் சரியில்லன்னா நாலு மணிக்கும் வராது. உன் போன் டவர் கிட்ட நல்லாதான் பேசுது, டவர்ல இருந்து வெளிய போற வழிதான் குறுகலா இருக்கு, ஏழு மணிக்கு ஊரே ஒரே நேரத்துல போனை எடுத்ததும் அடைச்சிக்குது.

முதல்ல வரலாறு கொஞ்சம். இந்தியாவுல 5ஜி ஆரம்பிச்சது 2022 அக்டோபர் 1. தமிழ்நாட்டுல முதல்ல சென்னை, அப்புறம் 2023 ஜனவரில கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஓசூரோட வேலூருக்கும் ஜியோ கொண்டாந்துச்சு. மூணு மாசத்துல வேலூருக்கு வந்துடுச்சேன்னு அப்போ எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வடநாட்டுல இருந்து வர்ற கூட்டம், விஐடி காலேஜ் பசங்க கூட்டம், இதெல்லாம் இருக்கறதால டவுனுக்கு சீக்கிரம் வந்தது நியாயம்தான். ஆனா அங்கிருந்து உங்க அடிவாரத்துக்கு வர்றதுல ரெண்டு முட்டுக்கட்டை இருக்கு.

ஒண்ணு அலைவரிசை. 5ஜிக்கு முக்கியமா ஓட்டறது 3500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கற அலை, அது நிறைய டேட்டாவ தூக்கும், ஆனா தூரம் போகாது, சுவத்தையும் தோப்பையும் தாண்டறதுக்குள்ள பாதி செத்துடும். பழைய 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலை ஊரைத் தாண்டி கொல்லை மேட்டு வரைக்கும் போகும், ஆனா ஒரே நேரத்துல தூக்கற டேட்டா கம்மி. டவுன்ல கிட்ட கிட்ட டவர் இருக்கறதால 3500 சரிப்படும், வயக்காட்டுக்கு நடுவுல மூணு கிலோமீட்டருக்கு ஒரு டவர் நிக்கற எடத்துல அதை மாட்டினா டவருக்கு கீழ இருக்கற தெருவுக்குதான் நல்லா வரும். ஜியோ 2022 ஏலத்துல 700 மெகாஹெர்ட்ஸும் சேத்து வாங்கினதுக்கு இந்த தூரம்தான் காரணம்.

ரெண்டாவதுதான் பெருசு, யாரும் பேச மாட்டாங்க. டவருக்கு பின்னாடி வர்ற கேபிள். ஊருக்குள்ள போய் உங்க டவரை அண்ணாந்து பாரு. மேல நீள நீளமா செங்குத்தா மாட்டியிருக்கற பெட்டிங்க, அதுதான் உன் போனோட பேசற ஆன்டெனா. அதுக்கு கொஞ்சம் கீழ வட்டமா மத்தளம் மாதிரி ஒண்ணு வேற ஊரைப் பாத்துக்கினு இருக்கா? அது மைக்ரோவேவ் டிஷ். உங்க ஊர் மொத்தமும் பாக்கற வீடியோ, பேசற கால், எல்லாம் அந்த ஒரு மத்தளம் வழியா அடுத்த டவருக்குப் போய், அங்கிருந்து அதுக்கடுத்த டவருக்குப் போய், அப்புறம்தான் ஃபைபர்ல, அதாவது தரைல போற கண்ணாடி இழை கேபிள்ல எறங்குது. அடுத்த டவர் ஊர்க்காரங்களோட டேட்டாவும் அதே வழியிலதான் போகுது.

அணைக்கட்டு பக்கம் ஒரு சைட் எனக்கு மறக்கவே மறக்காது. ஊர்க்காரங்க தொடர்ந்து புகார் பண்ணி பண்ணி, ஒரு வழியா கம்பெனி போனோட பேசற புது ரேடியோ பெட்டி அனுப்பிச்சு, நாங்க ரெண்டு நாள் வெயில்ல தொங்கி மாட்டிட்டு எறங்கினோம், ஒரு அம்மா சொம்புல மோர் கொண்டாந்து குடுத்துச்சு, இனிமே என் பையன் துபாய்ல இருந்து வீடியோல பேசுவான்லன்னு கேட்டுச்சு. பேசுவான்மான்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு வாரம் கழிச்சு போனா அதே நெலமை, டிஷ் பழைய டிஷ், அதை யாரும் தொடல. அந்த அம்மா முகத்தைப் பாக்க முடியல. எட்டு மாசம் கழிச்சு ரோட்டோரமா ஃபைபர் வந்து அந்த டவர்ல சொருகினாங்க, மேல ஒரு நட்டு கூட மாத்தல, அன்னிக்கு ராத்திரியே ஊர்ல நெட் பிச்சிக்கினு ஓடுச்சு.

அதனால 5ஜி எப்போன்னு கேட்டு காத்துக்கினு இருக்காத. ஊர் ஊரா தேதி போட்டு எந்த கம்பெனியும் முன்கூட்டி சொல்றதில்ல, ஃபைபர் இல்லாத டவர்ல 5ஜி பெட்டி வந்து ஒக்காந்தாலும் ராத்திரி ஏழு மணிக்கு இதே கதைதான். நீ கேக்க வேண்டியது எங்க டவருக்கு ஃபைபர் குடு, இல்லன்னா அந்த டிஷ்ஷோட கெபாசிட்டிய ஏத்துன்னு. எப்படி கேக்கறதுன்னா, டெலிகாம் கம்பெனிங்கள கண்காணிக்கற ஆணையமான டிராயோட மைஸ்பீடு ஆப் போட்டுக்கோ, அது நெட் வேகத்தை அளக்கும், ஒரு வாரம் காலைல நாலு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் வெச்சுக்கோ. அப்புறம் உன் கம்பெனியோட புகார் நம்பர் 198க்கு போன் பண்ணி புகார் குடு, புகார் நம்பரை எழுதி வெச்சுக்கோ, நம்பர் குடுக்காம போனை வெக்க விடாத. சரியாகலன்னா அதே கம்பெனில மேல்முறையீட்டு அதிகாரி இருக்காங்க, அதுக்கும் மேல மத்திய அரசோட சிபிகிராம்ஸ் தளத்துல டெலிகாம் துறைக்கு மனு போடலாம், காசு கிடையாது. "நெட் ஸ்லோ"ன்னு எழுதினா செட்டிங் மாத்துங்கன்னு பதில் வரும், "காலைல இவ்ளோ, ராத்திரி இவ்ளோ, ஒரே எடம் ஒரே போன்"னு எழுதினா அதை இன்ஜினியர் பாத்துதான் ஆவணும்.

இன்னொண்ணு, கிராமசபைல பேசுங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு வருதுல்ல, அதுல தீர்மானம் போட்டு கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு நாள்ல குடுங்க. குழி வெட்டறதுக்கும் கம்பம் நடறதுக்கும் பர்மிஷன் கிடைக்காம ஃபைபர் பாதிலயே நின்னு போன எடங்க நான் பாத்திருக்கேன், ஊரே கேட்டு நிக்கும்போது அந்த வேலை வேற மாதிரி நகரும்.

கேள்வி: சத்துவாச்சாரில இருக்கேன் சார், புது 5ஜி போன் இருபத்தி ரெண்டாயிரம் குடுத்து வாங்கினேன். மேல 5ஜின்னு காட்டுது, ஆனா வீட்டுக்குள்ள பழைய போன் அளவுக்கு கூட வரல, சார்ஜ் மட்டும் மதியத்துக்குள்ள தீந்துடுது.

பதில்: வீட்டுக்குள்ளதானே? மொட்டை மாடிக்கு போய் அதே போன்ல டெஸ்ட் எடுங்க, அங்க நல்லா வந்தா கான்கிரீட் கூரையும் சுவரும்தான் அலைய தின்னுது, போன் மேல தப்பு இல்ல. 5ஜி கொஞ்சமா எட்டற எடத்துல போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாத்தி மாத்தி தாவிக்கினே இருக்கும், சார்ஜ் போறதுக்கு அது முக்கிய காரணம். வீட்ல இருக்கறப்போ செட்டிங்ல நெட்வொர்க் டைப்பை 4ஜிக்கு மாத்தி வெச்சுடுங்க, வெளிய போனா திருப்பி மாத்திக்கோங்க.

அப்புறம் நம்ம வேலூர் வெயில். போன் சூடேறிச்சுன்னா தன்னைக் காப்பாத்திக்க தானே 5ஜிய விட்டுட்டு 4ஜிக்கு எறங்கிடும், அக்னி நட்சத்திரத்துல வண்டி ஹேண்டில்ல போனை மாட்டிக்கினு மேப் பாத்தா பத்து நிமிஷத்துல இது நடக்கும். வீட்ல ஏற்கனவே ஃபைபர் வைஃபை இருக்குன்னா போன்ல வைஃபை காலிங் ஆன் பண்ணுங்க, டவரே எட்டாத ரூம்ல கூட கால் தெளிவா இருக்கும், இதுக்கு தனி காசு கிடையாது. நெறைய பேர் இதை ஆன் பண்ணாமலே ஜன்னல் ஓரமா நின்னு கத்திக்கினு இருக்காங்க.

கேள்வி: குடியாத்தம் பஜார்ல லுங்கி கடை. சாயங்காலம் கூட்ட நேரத்துல ஜிபே போகவே மாட்டேங்குது. 5ஜி ரீசார்ஜ் போட்டா போகுமாண்ணே?

பதில்: யுபிஐக்கு வேகமே வேணாம்ணே, ஒரு மெசேஜ் அனுப்பற அளவு டேட்டா போதும். பஜார்ல கூட்டம் சேர்ந்து டவர் திணறுது, அவ்ளோதான். ஜிபே மாதிரி ஆப்லயே இருக்கற சின்ன பர்ஸ் மாதிரியான யுபிஐ லைட்ல கொஞ்சம் பணம் போட்டு வைங்கன்னு வாடிக்கையா வர்றவங்க கிட்ட சொல்லுங்க, சின்ன தொகைக்கு பேங்க் சர்வர் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் போய் வர வேண்டியது இல்ல. நெட்டே இல்லன்னா *99# அடிச்சும் பணம் அனுப்பலாம். கடைக்குன்னு வேற கம்பெனி சிம் ஒண்ணு வெச்சுக்கறது எல்லாத்தையும் விட நல்லது.

கேள்வி: ஜவ்வாது மலைல ஸ்கூல்ல வேலை பாக்கறேன். 5ஜி எல்லாம் விடுங்க, இங்க ஒரு பாறை மேல ஏறினாதான் போனே எடுக்கும். பாம்பு கடிச்சாலும், பிரசவ வலி வந்தாலும் யாராவது அந்த பாறைக்கு ஓடணும். பிஎஸ்என்எல் 4ஜி வருது வருதுன்றாங்க, நம்பலாமா?

பதில்: டீச்சர், உங்க லெட்டரைப் படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. வேகம் வேகம்னு நாங்க கீழ பேசிக்கினு இருக்கோம், உங்களுக்கு ஒரு கால் போனா போதும்ன்ற நெலமை.

சிக்னல் அறவே இல்லாத கிராமங்களுக்கு 4ஜி குடுக்கணும்னு 2022 ஜூலைல மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கி 24,680 கிராமங்களுக்கு ஒரு திட்டம் போட்டுச்சு, அதை செய்யற பொறுப்பு பிஎஸ்என்எல்லோடது. டிசிஎஸ், தேஜஸ், சி-டாட்ன்ற நம்ம நாட்டு நிறுவனங்க சேர்ந்து நம்ம நாட்டுலயே செஞ்ச சாமான் வெச்சு பிஎஸ்என்எல் 4ஜிய 2025 செப்டம்பர் 27ல நாடு முழுக்க தொடங்கி வெச்சாங்க. அதனால வெறும் பேச்சு இல்ல, நெஜமாவே வேலை நடக்குது. ஆனா மலைல ஒரு டவர் நிக்கணும்னா அதுக்கு ரோடு வேணும், வனத்துறை அனுமதி வேணும், கரண்ட் வேணும், கரண்ட் போனா தாங்க பேட்டரி வேணும், எதிர்ல ஒரு முகடு மறைச்சா பக்கத்து பள்ளத்துல இருக்கற ஊருக்கு அந்த டவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்க ஊர் பேரு அந்த பட்டியல்ல இருக்கான்னு டெலிகாம் துறைக்கு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க, பத்து ரூபாதான். இருந்தா எப்போன்னு கேளுங்க, இல்லன்னா சேக்க சொல்லி கலெக்டருக்கு எழுதுங்க.

பழைய பிஎஸ்என்எல் சிம் வெச்சிருக்கவங்க இப்பவே 4ஜி சிம்மா மாத்தி வெச்சுக்க சொல்லுங்க, டவர் வந்த அன்னிக்கு அலைய வேணாம். இன்னொரு விஷயம், அரசு நிதில போட்ட டவர்ங்கள்ல பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் எந்த சிம் இருந்தாலும் எடுக்கற மாதிரி 2025 ஜனவரில ஏற்பாடு பண்ணியிருக்காங்க, அதனால பிஎஸ்என்எல் இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு.

இதை உங்க பசங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர். போன்ல உங்க கம்பெனி சிக்னல் இல்லன்னாலும், வேற எந்த கம்பெனி டவராவது லேசா எட்டினா அவசர உதவி நம்பர் 112க்கு கால் போகும். "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி"ன்னு காட்டினா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல, 112 அடிக்கலாம்னு அர்த்தம். பாறைக்கு ஓடறதுக்கு முன்னாடி நின்ன எடத்துல ஒரு தடவை அதை அடிச்சுப் பாருங்க.

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் எங்க கொல்லைக்கு போனா ஆந்திரா நெட்வொர்க் எடுக்குது. காசு அதிகமா பிடிப்பாங்களா?

பதில்: இப்போ இருக்கற அன்லிமிடெட் பேக்ல ரோமிங்குக்கு தனியா பிடிக்கறது இல்ல, பயப்படாதீங்க. எல்லையோரம் போன் எது பலமா இருக்கோ அதைப் பிடிக்கும், அவ்ளோதான்.

கேள்வி: கே.வி.குப்பம். எங்க நெலத்துல 5ஜி டவர் போடப் போறாங்களாம், மாசம் நாப்பதாயிரம் வாடகை, முப்பது லட்சம் அட்வான்ஸ்னு போன் வந்துச்சு. டிராய் லெட்டர் கூட வாட்ஸ்ஆப்ல அனுப்பிச்சாங்க. வரி கட்ட பதினெட்டாயிரம் முதல்ல அனுப்ப சொல்றாங்க. ஊருக்கும் நெட் வரும்னு அப்பா ரொம்ப ஆசையா இருக்காரு.

பதில்: தம்பி, ஒரு பைசா அனுப்பாத. இன்னிக்கே அப்பா கிட்ட ஒக்காந்து பேசு. டவர் வெக்கறதுக்கு டிராய் லெட்டரும் குடுக்காது, வரியும் வாங்காது, அந்த லெட்டர் போலி. நான் வேலை பாத்த வரைக்கும் டவர் கம்பெனி ஆளுங்க நேர்ல வருவாங்க, நெலத்தை அளப்பாங்க, பத்திரம் பாப்பாங்க, அக்ரிமென்ட் போட்டு அவங்கதான் உங்களுக்கு பணம் குடுப்பாங்க, உங்க கிட்ட கேக்க மாட்டாங்க. ஏமாத்தறவன் உங்க அப்பாவோட ஆசைய தெரிஞ்சு வெச்சுக்கினுதான் ஊருக்கு நெட் வரும்னு சேத்து சொல்றான், அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

ஏற்கனவே அனுப்பிட்டாருன்னா நேரம் கடத்தாம சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணு, எவ்ளோ சீக்கிரம் சொல்றியோ அவ்ளோ சீக்கிரம் அந்த அக்கவுண்ட்ல பணத்தை நிறுத்தி வெக்க வாய்ப்பு இருக்கு. அனுப்பலன்னா அந்த நம்பரை டெலிகாம் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல சக்ஷுன்ற பகுதில பதிவு பண்ணிட்டு பிளாக் பண்ணிடு. அந்த வாட்ஸ்ஆப் லெட்டரை மட்டும் அழிக்காத, போலீஸ்ல கேப்பாங்க.