பாமசி ரெசிடென்சி நேர்முகப் பரீட்சைக்கு எந்தத் தலைப்பில் அளிக்கை செய்வது?

அக்கரைப்பற்றைச் சேர்ந்த நீங்கள் அமெரிக்காவில் பாம்டி (மருந்தாளர் பட்டப்படிப்பு) இறுதியாண்டில் இருப்பதாகவும், ஜனவரியில் பிஜிவை-1 ரெசிடென்சிக்கான (பட்டத்துக்குப் பின்னான முதலாண்டுப் பயிற்சிக்கான) நேர்முகப் பரீட்சை வருவதாகவும், 15 நிமிட அளிக்கைக்குத் தலைப்பை நீங்களே தெரிவுசெய்யச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வன்கோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை அளவிடல், நீரிழிவுக்கும் எடை குறைப்புக்கும் தரப்படும் செமகுளூட்டைட், பாம்புக்கடி, நோன்பு காலத்தில் நீரிழிவு ஆகிய நான்கில் எது நல்லது என்பது உங்கள் கேள்வி. நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவள்; அந்த ஓராண்டுப் பயிற்சியை அங்கே முடித்து, பின்னர் சில பருவங்களில் விண்ணப்பதாரர்களை நேர்காணும் குழுவிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்வதானால், நோன்பை எடுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வடிவில் எடுக்க வேண்டாம்.

'நோன்பு காலத்தில் நீரிழிவு' என்பது ஒரு நாள் கருத்தரங்குக்கு உரிய பரப்பு. 15 நிமிடத்துக்குள் அடங்குவது ஒரேயொரு தீர்மானம்தான். இரவில் கிளார்ஜின் என்னும் நீண்டநேர இன்சுலின் போடும் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளி ஒருவர் நோன்பு பிடிக்கப் போகிறார். அளவை எவ்வளவு குறைப்பது, எந்த நேரத்துக்கு மாற்றுவது? இப்படி ஒரு வாக்கியத்தில் கேட்கக்கூடியதாகவும், அதற்கான விடையை மருந்தாளரே சொல்ல வேண்டியதாகவும் இருந்தால் அது தலைப்பாகத் தேறிவிட்டது. மருத்துவர் மட்டுமே முடிவெடுக்கும் விடயத்தை, உதாரணமாக நோயறிதலை, நீங்கள் எவ்வளவு அழகாக விளக்கினாலும், 'இதில் உங்கள் வேலை என்ன?' என்ற முதற்கேள்வியிலேயே அளிக்கை சரிந்துவிடும்.

வன்கோமைசின் தவறான தலைப்பு அல்ல. அமெரிக்க மருந்தாளர் சங்கமான ஏஎஸ்எச்பி உள்ளிட்ட சங்கங்கள் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், கடும் எம்ஆர்எஸ்ஏ (வழமையான மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியா) தொற்றுகளில் 15 முதல் 20 வரையான ட்ரஃப் அளவை (அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் குருதியில் இருக்கும் அளவை) குறிவைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, ஏயூசி (ஒரு நாள் முழுவதும் குருதியில் இருக்கும் மருந்தின் மொத்த அளவு) 400 முதல் 600 வரை இருக்குமாறு அளவிடச் சொன்னது. அங்கேதான் சிக்கல் இருக்கிறது. எதிரே அமர்ந்திருக்கும் மருந்தாளர்கள் அதை அன்றாடம் கணக்கிடுகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்கே திருப்பிச் சொல்லும் நிலைமை வரும். அதோடு அதே வாரத்தில் அதே தலைப்பை வேறு விண்ணப்பதாரர்களும் கொண்டுவந்திருப்பார்கள். செமகுளூட்டைட்டைப் பொதுவாகப் பேசினால் பத்திரிகைச் செய்தி போலாகிவிடும். ஆயினும் அதற்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: சத்திரசிகிச்சைக்கு முன் அதை நிறுத்த வேண்டுமா? வாரம் ஒரு முறை போடும் மருந்தை ஒரு வாரம் முன்பே நிறுத்துமாறு அமெரிக்க மயக்கமருந்தியலாளர் சங்கம் 2023 ஜூனில் சொன்னது. 2024 ஒக்டோபரில் பல சங்கங்கள் இணைந்து, பெரும்பாலான நோயாளிகள் தொடரலாம் என்று சொல்லின. பரிந்துரை மாறிய இடம் எதுவோ அங்கே பேசுவதற்கு விடயம் இருக்கும். உங்களுக்கு நோன்பு பிடிக்காவிட்டால் (தலைப்பாகத்தான் சொல்கிறேன்) இதை எடுக்கலாம்.

பாம்புக்கடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பகுதியிலிருந்து போகிறவர்களை அது எளிதில் இழுத்துவிடும். வயல் வேலைக் காலத்தில் விரியன் கடித்து வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது தனிச்சிறப்பான தலைப்பாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் நாகம், கண்டங்கருவளை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு போனால், குழுவினர் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, அதில் தாங்கள் மதிப்பிட எதுவும் இல்லை என்று முடிவெடுப்பார்கள். அதை எடுக்கத்தான் வேண்டுமென்றால், விஷமுறி மருந்து ஏற்றுமுன் அட்ரினலின் கொடுப்பதா என்ற கேள்வியை மட்டும் எடுங்கள். 1,007 நோயாளிகளைக் கொண்டு இலங்கையில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, தோலின் கீழ் சிறிய அளவில் கொடுக்கப்பட்ட அட்ரினலின், விஷமுறி மருந்தால் வரும் கடும் எதிர்விளைவுகளை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 வீதத்தால் குறைத்ததையும், முற்காப்பாகக் கொடுக்கப்பட்ட ஐதரோகோட்டிசோனும் புரோமெதசினும் அவ்வாறு பயன்தராததையும் காட்டியது. உடனே குழு கேட்கும்: 'எங்கள் வைத்தியசாலையில் இதைச் செய்வீர்களா?' செய்யமாட்டேன் என்பதே விடை. நாம் பயன்படுத்தும் இந்திய விஷமுறி மருந்தில் கடும் எதிர்விளைவுகள் அதிகம். அங்கே பயன்படும் குரோஃபாப் என்னும் விஷமுறி மருந்து செம்மறியாட்டிலிருந்து பெற்றுத் தூய்மையாக்கிய ஃபாப் (எதிர்பொருள்) துண்டுகளாலானது, அதில் அவை குறைவு. ஆபத்து குறைந்த இடத்தில் முற்காப்புக்கும் தேவை குறைகிறது. ஓர் ஆய்வின் முடிவு எந்த இடத்துக்குப் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்று இப்படிப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் குழு உண்மையில் பார்க்கிறது.

நோன்பை நான் முன்னுக்கு வைப்பதற்கும் காரணம் இதுவே. அத்தோடு அந்த நோயாளி அமெரிக்க நகரங்களிலும் இருக்கிறார். விடுமுறையில் மச்சானின் பாமசியில் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ரமழானுக்கு முந்திய வாரத்தில், மூன்று வேளைக்கு எழுதிய சிட்டையை நீட்டி, நோன்பில் இதை எப்படிப் போடுவது என்று கேட்கும் ஆட்களைக் கண்டிருப்பீர்கள். மருத்துவர் வேண்டாம் என்றாலும் பிடிக்கத்தான் போகிறார் என்ற நிலையில், அவரைப் பாதுகாப்பாக வைத்திருப்பது எப்படி என்பதே மருந்தாளரின் கேள்வி. மார்க்க விளக்கத்துக்குள் போகாதீர்கள். அதற்கு ஒரு வாக்கியம் போதும்.

எண்களைக் கையில் வைத்திருங்கள். 13 நாடுகளில் 12,243 பேரை உள்ளடக்கி 2004இல் வெளியான எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளிடம் கடும் சர்க்கரைத் தாழ்வு ரமழானில் 7.5 மடங்கு கூடியது. அது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, இன்றுள்ள பல மருந்துகளுக்கு முற்பட்டது என்ற குறையை அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 நடைமுறை வழிகாட்டல், நாளொன்றுக்கு ஒரு முறை போடும் நீண்டநேர இன்சுலினை 15 முதல் 30 வீதம் குறைத்து நோன்பு திறக்கும் நேரத்தில் போடச் சொல்கிறது. 40 யுனிட் போடுகிறவருக்கு அது 28 முதல் 34 வரை. எத்தனை யுனிட் என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள், அப்போது வீச்சைச் சொல்லி நிறுத்தாமல், எடுத்துக்கொண்ட நோயாளியின் வயது, சிறுநீரகம், முன்பு சர்க்கரை தாழ்ந்த வரலாறு ஆகியவற்றைக் காட்டி ஓர் எண்ணில் நின்றுகொள்ளுங்கள். குருதிச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை முறிக்க வேண்டும் என்பதையும் நோயாளிக்குச் சொல்லும் வார்த்தைகளாகவே வைத்திருங்கள்.

ஊர் அறிவை அப்படியே கொண்டுபோவதிலும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. நீரிழிவு மாத்திரையான கிளிபென்கிளமைட்டைத் தவிர்த்து அதே வகையைச் சேர்ந்த கிளிக்கிளசைட்டுக்கு மாற்றலாம் என்பது நமக்குச் சாதாரண ஆலோசனை. கிளிக்கிளசைட் அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. அங்கே அந்த வகையில் கிளிபென்கிளமைட்டுக்கு மாற்றாக கிளிப்பிசைட்டும் கிளிமெப்பிரைட்டும்தான் கிடைக்கும், ஆகவே அவற்றைப் பற்றியோ வேறு வகை மருந்துக்கு மாற்றுவதைப் பற்றியோ ஆயத்தமாக இருங்கள். இரண்டாவது, மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ எந்த மாதத்தில் வந்தாலும் நோன்பு ஏறத்தாழ 13 முதல் 14 மணித்தியாலம். நியூயோர்க்கில் ஜூனில் வந்தால் 16 மணித்தியாலத்தைத் தாண்டும், குளிர்காலத்தில் வெகுவாகச் சுருங்கும். ரமழான் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாள் முன்னே வருவதால், ஒருவருக்கு இந்த ஆண்டு சொன்ன அளவு சில ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரிலும் சரியாக இராது. நான் குழுவில் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன்.

மற்றவை சிறு விடயங்கள். அழைப்புக் கடிதத்தை மீண்டும் ஒரு முறை வாசித்து, நோயாளி விபரம் சார்ந்த அளிக்கையா, ஆய்வுக் கட்டுரை விமர்சனமா, பொதுத் தலைப்பா என்று உறுதிப்படுத்துங்கள். தெளிவில்லையென்றால் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேட்பதில் குறைவில்லை. பயிற்சிக் காலத்தில் கண்ட நோயாளியைப் பயன்படுத்தினால் அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். 15 நிமிடத்துக்கு 12 நிமிடப் பேச்சை ஆயத்தம் செய்யுங்கள். சிறுவர் வைத்தியசாலை ஒன்றும் அழைத்திருந்தால் இன்சுலின் போடும் முதியவரை அங்கே கொண்டுபோக வேண்டாம். முதலாம் வகை நீரிழிவுள்ள, நோன்பு பிடிக்க அடம்பிடிக்கும் பதின்வயதுப் பிள்ளையை எடுத்துக்கொண்டால் கேள்வி அதுவே, ஆனால் ஆபத்து பல மடங்கு கூடுவதால் விடையின் பெரும்பகுதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.