பெரிய எழுத்தில் வரும் சீட்டு

கேள்வி: எனக்கு வயது 39. சென்னையில் 15 வருடம் புரோகிராமர். அப்பா இறந்த பிறகு கோவில்பட்டிக்கே திரும்பிவிட்டேன், வீட்டிலிருந்துதான் வேலை. அம்மாவுக்கு 68. நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வதால் தட்ட மாட்டார். ‘சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது’ என்பதுபோல எதுவானாலும் சீட்டில் எழுதிக் கதவுக்கடியில் தள்ளிவிடுவார். இப்போதெல்லாம் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவதால் நாற்காலியில் இருந்தபடியே படித்துவிடுகிறேன். என் பிரச்சினை இதுதான்: ஆரம்பம் முதல் கோட் எழுத எனக்கு விம் எடிட்டர்தான், எல்லாமே விசைப்பலகைக் கட்டளைகளால் செய்கிற பழைய மென்பொருள். ஆபீஸில் எல்லோரும் ஏஐ கோட் எழுதித் தரும் எடிட்டருக்கு மாறுகிறார்கள். நானும் மாறுவதா? 15 வருடப் பழக்கம் வீணா?

பதில்: தம்பி, எடிட்டர் கேள்விக்கு அதிக நேரம் வேண்டாம். மாறுங்கள். விம் 1991இல் வந்தது. அதன் கட்டளைகள் 1976இல் எழுதத் தொடங்கிய வீஐ எடிட்டரிலிருந்து வந்தவை. புது எடிட்டர்கள் பலவற்றிலும் அதே விசைகளை வைத்துக்கொள்ளலாம், விரல் பழக்கம் போகாது. ஏஐ எழுதித் தருவதை வரி வரியாகப் படித்துத் தப்பைப் பிடிக்க ஆள் வேண்டும், அந்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது. அதனால் வேலை நிச்சயம் நிலைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது.

இப்போது சீட்டுக்கு வருகிறேன்.

அம்மா ஏன் பெரிய எழுத்தில் எழுதுகிறார்? உங்கள் வசதிக்கு என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்க்கரை உள்ள 68 வயதுப் பெண்ணின் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது என்றால், சின்னதாக எழுதினால் அவருக்கே தெரியவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கோடில் ஒரு கமா இடம் மாறினால் கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். கண்ணெதிரே மாறிய அம்மாவின் கையெழுத்தை எப்படி விட்டீர்கள்?

கண்புரையாக இருந்தால் ஆபரேஷனில் சரியாகிவிடும். சர்க்கரை விழித்திரையைத் தொட்டிருந்தால் கதை வேறு. ஆரம்பத்தில் வலி இருக்காது, ஒன்றும் தெரியாது. போன பார்வை பல நேரம் திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். கடைசியாக எப்போது கூட்டிப் போனீர்கள்? அப்பா இருந்தபோது அவர் கூட்டிப் போயிருப்பார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். ஆபீஸ் மெசேஜ் ‘டிங்’ என்றதும் திரும்பிப் பார்க்கிறீர்கள். பெற்றவள் மட்டும் தரையில் குனிந்து சீட்டைத் தள்ள வேண்டும். துணைக்கு இருக்கத்தான் சென்னையை விட்டு வந்தீர்கள் என்று நினைக்கிறேன். கதவுக்குப் பின்னால் இருப்பதற்குச் சென்னையிலேயே இருந்திருக்கலாமே! கூட இருப்பது என்றால் கூப்பிட்டதும் எழுந்து வருவது. வயதான தாய்க்குப் பிள்ளை செய்யவேண்டியதில் இது முதல் கடமை என்று நான் நம்புகிறேன்.

விம்மைக் கோப்பு இல்லாமல் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி வரும், ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். விம்மை உருவாக்கிய பிராம் மூலேனார் 1994இல் அங்கே போய், ஒரு குழந்தைகள் மையத்தில் தண்ணீர், சுகாதார வேலையை ஒரு வருடம் தொண்டாகச் செய்தார். 2023இல் இறந்துபோனார். யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக அவர் நாற்காலியை விட்டு எழுந்து அவ்வளவு தூரம் போனார். உங்கள் அம்மா பத்தடி தூரத்தில் இருக்கிறார்.

இந்த வாரமே ஒரு நாள் லீவு போடுங்கள். மதுரையோ நெல்லையோ, நல்ல கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். லேப்டாப் வீட்டில் இருக்கட்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பஸ் போர்டு படிப்பதுகூடச் சிரமமாகலாம். கையைப் பிடித்துக் கூட்டிவர ஆள் வேண்டும். பழைய சீட்டுகள் இருந்தால் தேதிவாரியாக அடுக்கி டாக்டரிடம் காட்டுங்கள், எப்போதிலிருந்து எழுத்து பெரிதானது என்று அவர் கேட்பார். அப்புறம், அந்தக் கதவை இனிமேல் சாத்தாதீர்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.