ரீல்ஸ் போடாமல் பிழைக்க முடியுமா?

கேள்வி: வீட்டிலேயே ஆரி வேலையும் பிளவுஸ் தையலும் செய்து வருகிறேன். இன்ஸ்டாகிராமில் தினமும் ரீல்ஸ் போடாவிட்டால் இந்தத் தொழிலில் நிற்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஃபேஸ்புக்கிலும் கணக்கு கிடையாது. சமூக வலைதளமே இல்லாமல் இந்தக் காலத்தில் வாழவும் தொழில் நடத்தவும் முடியுமா? அப்படி நடத்திக் காட்டியவர்கள் உண்டா? உங்கள் பத்திரிகைக்கே ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது. அதை மறைக்காமல் பதில் சொல்லவும்.
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: மறைக்க என்ன இருக்கிறது? பக்கம் இருக்கிறது. அட்டைப்படம் போட்டால் அங்கே விருப்பக்குறி குவியும். சந்தா கட்டுகிறவர்கள் மட்டும் இன்னமும் பக்கத்து வீட்டிலோ நூலகத்திலோ இதழைப் புரட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்கிறீர்களே, அந்த எல்லோரும் யார்? உங்களிடம் பிளவுஸ் தைத்துக்கொண்டவர்களா, ரீல்ஸ் எடுக்கக் கற்றுத்தருகிறேன் என்று வகுப்பு நடத்துகிறவர்களா? போன தை, மாசி முகூர்த்தங்களுக்கு வந்த ஆர்டர்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் யார் சொல்லி வந்தது என்று எதிரே எழுதிப் பாருங்கள். கல்யாணப் பெண்ணின் சித்தி, மேக்கப் போட வந்த பார்லர்காரர், புடவைக் கடையில் பில் போடுகிறவர் என்றுதான் பெரும்பாலும் வரும் என்பது என் ஊகம். அப்படியே வந்தால், உங்கள் தொழில் எங்கே நடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நடத்திக் காட்டியவர்கள் உண்டா என்றால், உண்டு. பிரிட்டனில் வெதர்ஸ்பூன் என்று ஒரு மதுக்கூட நிறுவனம். அப்போது சுமார் 900 கிளைகள். 2018 ஏப்ரலில் ஃபேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம் மூன்றையும் மொத்தமாக மூடியது. வியாபாரம் இதனால் பாதிக்காது என்றார் அதன் தலைவர் டிம் மார்ட்டின். இனி சேதிகளை எங்கள் இணையதளத்திலும் அச்சுப் பத்திரிகையிலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் அறிவித்தார்கள். (மதுக்கூடத்துக்குக்கூட அச்சுப் பத்திரிகை வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.) 2021 ஜனவரியில் இத்தாலியின் பொட்டேகா வெனட்டா, பெரும்புள்ளிகள் வாங்கும் தோல் பைகளைச் செய்கிற நிறுவனம், இன்ஸ்டாகிராமிலிருந்து காணாமல் போனது. அதே ஆண்டு நவம்பரில் லஷ் என்ற சோப்பு, குளியல் பொருள் நிறுவனம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் நான்கையும் 48 நாடுகளில் நிறுத்தியது. ஒரு கோடி பவுண்ட் நஷ்டமானாலும் பரவாயில்லை என்றார் அதன் நிறுவனர்களில் ஒருவரான மார்க் கான்ஸ்டன்டைன்.

இந்தப் பட்டியலைக் காட்டி யாராவது உங்களை உசுப்பிவிட்டால் நம்பிவிடாதீர்கள். லஷ்ஷுக்கு ஊர் ஊராகக் கடைகள் இருக்கின்றன. அவர்கள் வாசலில் நடந்துபோனாலே சோப்பு வாசனை இழுக்கும். அப்படியும் யூடியூபை விடவில்லை. அதற்கு முன் 2019ல் பிரிட்டனில் மட்டும் விலகிப் பார்த்துவிட்டு, திரும்பவும் உள்ளே போனவர்கள்தான் அவர்கள். பொட்டேகா வெனட்டாவின் கதை இன்னும் சுவாரசியம். கணக்கை மூடிய பிறகும் அதன் பைகள் இன்ஸ்டாகிராமில் உலவிக்கொண்டே இருந்தன. வாங்கியவர்களே படம் எடுத்துப் போட்டார்கள். உங்களுக்கும் இது நடக்கும். மணப்பெண் உங்கள் பிளவுஸோடு ஆயிரம் படம் எடுப்பாள், போடாமல் இருக்கமாட்டாள். கணக்கு இல்லாமலே நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். அந்தப் படத்தைப் பார்த்து ‘யார் தைத்தது?’ என்று கேட்கிற பெண்ணுக்கு உங்கள் எண் கிடைக்கிறதா என்பதுதான் மிச்சக் கேள்வி.

இதிலே எனக்கு இருக்கிற கவலை ஒன்றுதான்: வாடிக்கையாளர் பட்டியல் யார் கையில் இருக்கிறது? இன்ஸ்டாகிராமில் பத்தாயிரம் பேர் உங்களைப் பின்தொடர்ந்தாலும் அதில் ஒருவரது தொலைபேசி எண்கூட உங்களிடம் கிடையாது. அது புறம்போக்கில் கடை போடுவது மாதிரி. எத்தனை அழகாகக் கட்டினாலும் பட்டா உங்கள் பெயரில் இல்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது, அதில் டிக்டாக்கும் ஒன்று. அதையே நம்பி ஆடியவர்கள், பாடியவர்கள், பொருள் விற்றவர்கள் ஓரிரு நாளில் ரசிகர் கூட்டத்தை மொத்தமாக இழந்தார்கள். ‘நான் வேறு இடத்துக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகக்கூட எண்கள் இல்லை. அரசாங்கம்தான் வர வேண்டும் என்பதில்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தானே முன்வந்து, இனி நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முதலிடம், வியாபாரப் பக்கங்களும் செய்திப் பக்கங்களும் குறைவாகத்தான் தெரியும் என்று மாற்றியது. தெரிய வேண்டுமானால்? காசு கட்டு. 2023ல் அதன் தாய் நிறுவனமான மெட்டாவின் வருமானம் ஏறத்தாழ 13,500 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரக் காசு. நீங்கள் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து பாட்டுச் சேர்த்து, வெட்டி ஒட்டிப் போடுகிற ரீல்ஸ் அவர்களுக்குச் சும்மா கிடைக்கிற சரக்கு.

அந்த ரீல்ஸுக்கு ஆகும் நேரத்தையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஃபிரேமில் துணியைக் கட்டிக் கற்களையும் பீட்ஸையும் ஒவ்வொன்றாகக் கோக்கிற கை உங்களுடையது. அந்தக் கை போனைத் தூக்கிப் படம் பிடிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஊசி சும்மா கிடக்கிறது. ‘ரேட் எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டு மறைகிறவர்களுக்குப் பதில் போடுவது தனிக் கணக்கு. அப்புறம், தொழிலுக்காகத்தான் என்று உள்ளே போனவர் அடுத்தவர் வீட்டு நாத்தனார் சண்டையைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காருவதை எந்த நோட்டில் எழுதுவது?

சரி, என்ன செய்வது? தைத்துக் கொடுக்கும் பிளவுஸின் உள்பக்கம், கழுத்துக்குக் கீழே, உங்கள் பெயரும் எண்ணும் போட்ட சின்ன லேபிளைத் தையுங்கள். மண்டபத்தில் நாலு பெண்கள் சூழ்ந்துகொண்டு விசாரிக்கும்போது மணப்பெண்ணுக்கு உங்கள் எண் நினைவிருக்காது. வீட்டுக்குப் போய்ப் பிளவுஸை மடிக்கிற அம்மா கண்ணில் படும். ஒரு கனமான நோட்டு வாங்கி, பெயர், எண், அளவு, கல்யாணத் தேதி, வீட்டில் அடுத்து கல்யாண வயதில் இருக்கும் தங்கை, நாத்தனார் எல்லாம் எழுதி வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, உங்களுக்கும் வேலை குறைவு. அந்த மாதங்களில் நோட்டைப் பிரித்து நாளைக்குச் சில பேருக்குப் போன் செய்யுங்கள். போன வருடம் கல்யாணமான பெண்ணுக்கு வளைகாப்பு வரும். அளவு பிளவுஸ்கூடக் கேட்க வேண்டாம், அளவு உங்களிடமே இருக்கிறது. எல்லோருக்கும் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புகிறவர் ‘டிஎல்டி’ என்கிற தளத்தில் பதிவு, அனுமதி பெற்ற வாசகம் என்று ஆயிரம் சடங்கு. உங்கள் அளவுத் தொழிலுக்குத் தேவையில்லை.

பார்லர், புடவைக் கடை, மண்டபம் மூன்று இடத்திலும் நீங்கள் தைத்த மாதிரித் துண்டு ஒன்றைக் கொடுத்து வையுங்கள். தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர் விலை பேசும் விதமே வேறு. கூகுள் மேப்பில் தொழிலைப் பதிவதற்குக் காசு இல்லை. அளவெடுக்க நீங்களே வீடு தேடிப் போகிறவர் என்றால் உங்கள் முகவரியை மறைத்து, போகிற ஊர்களை மட்டும் காட்டவும் அதில் வழி இருக்கிறது. தனியாக இருந்து வேலை செய்கிற பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பையும் விட்டுவிடுகிறேன் என்று மட்டும் வீறாப்புப் பேசாதீர்கள். டிசைன் படம் அனுப்ப, முன்பணம் வந்ததா என்று பார்க்க அது வேண்டும். அதுவும் மெட்டாவினுடையதுதானே என்றால், ஆமாம். 2021 அக்டோபர் 4 இரவு, பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை பிசகி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. ஆனால் எண் நோட்டில் இருக்கிறவர் மறுநாள் காலையில் போன் போட்டுப் பேசிக்கொள்ளலாம்.

வாழ முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், சில சங்கடங்களோடு. பள்ளித் தோழிகள் குரூப்பில் இழவுச் செய்திகூட வந்துவிடுகிறது. உங்களுக்குப் பதினாறு முடிந்த பிறகு தெரியும். ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொள்வார்கள். விஷயம் தெரிந்தால் எனக்கு ஒரு போன் பண்ணு என்று இரண்டு பேரிடம் சொல்லி வைத்தால் இதில் பாதி தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிளவுஸ் அனுப்ப ஆசை இருந்தால் நான் சொன்னது எதுவும் போதாது, முகம் தெரியாதவர்கள் உங்களைத் தேட ஓர் இடம் வேண்டும். அப்போது இன்ஸ்டாகிராமுக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடித்த வேலையின் படத்தைப் போடுங்கள், விலையை ஒளிக்காமல் எழுதுங்கள், எண்ணைக் கொடுங்கள். ஆர்டர் கொடுப்பவரின் எண்ணை அன்றைக்கே நோட்டில் ஏற்றிவிட்டு, செயலியை மூடிவிட்டு ஃபிரேமுக்குத் திரும்புங்கள்.