விண்வெளித் தக்காளி விதையை நடலாமா?

கேள்வி: ஐயா, பாலக்கோடு அருகே ஒன்றரை ஏக்கரில் சொட்டுநீர் போட்டுத் தக்காளி பயிரிடுகிறேன். போன பட்டத்தில் இலைச்சுருள் நோயால் பாதி விளைச்சல் போய்விட்டது. இப்போது ஒரு விதைக்கடைக்காரர், விண்வெளிக்குப் போய் வந்த விதையிலிருந்து பெருக்கியது என்று ஒரு விதையைக் காட்டி, நோய் வராது, காய்ப்பு இரட்டிப்பாகும் என்கிறார். விலை வழக்கமான வீரிய ஒட்டு விதையைப் போல மூன்று மடங்கு. வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அப்படிப்பட்ட விதையை வளர்த்ததாக ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் சொல்கிறாள். அரை ஏக்கரில் நடலாமா?

பதில்: அரை ஏக்கரில் நட வேண்டாம். உங்கள் மகள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் கண்டறிந்தது கடைக்காரர் சொல்வதற்கு நேர்மாறானது. 1984-இல் ஒரு செயற்கைக்கோளில் சுமார் 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகளை நாசா அனுப்பியது. 1990 ஜனவரியில் அவை திரும்பியதும், தரையிலேயே வைத்திருந்த விதைகளோடு சேர்த்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் முளைத்து வளர்ந்தன. 2015-இல் இங்கிலாந்திலிருந்து ‘ராக்கெட்’ (அருகுலா) எனும் கீரையின் இரண்டு கிலோ விதை பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்து வந்தது. லட்சக்கணக்கான மாணவர்கள் அதை விதைத்து எண்ணிப் பார்த்ததில், விண்வெளி விதையின் முளைப்பு வேகம் சற்றுக் குறைந்திருந்தது. பயணம் விதைக்கு வலுவூட்டவில்லை, கொஞ்சம் களைப்பையே தந்தது.

சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் நம் நாட்டு விதைகளைக் கொண்டு சென்றாரே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அவை ஆராய்ச்சிக்காகப் போனவை; அவற்றைப் பல தலைமுறை வளர்த்து ஆராய்ந்த பின்னரே எதையும் சொல்ல முடியும். கதிர்வீச்சால் விதையில் மாற்றம் நேரலாம் என்பதும், சீனாவில் அவ்வழியில் கோதுமை ரகம் உருவானதும் உண்மையே. ஆனால் அம்மாற்றம் கண்மூடித்தனமானது. நல்லதைப் பொறுக்கி நிலைநிறுத்தப் பல ஆண்டுகள் ஆகும். மேலும், விண்வெளியில் வளர்க்கத் தேர்ந்தெடுக்கும் தக்காளி, ரெட் ராபின் போன்ற குட்டைச் செடி. சிறிய பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதே அங்கே முதல் தகுதி. குச்சி நட்டுக் கயிறு கட்டி வளர்க்கும் உங்கள் வயலுக்கு அத்தகுதியால் பயனில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: எந்தப் புது விதையையும் எப்படிச் சோதிப்பது? இதில் எனக்கு அசைக்க முடியாத ஒரு கொள்கை உண்டு. ஒப்பீட்டு வரிசை, அதாவது அதே வயலில் அதே நாளில் பக்கத்திலேயே நட்ட வழக்கமான விதையின் வரிசை, இல்லாமல் நட்ட பயிரின் விளைச்சலைப் பற்றி யாரும் எதையும் சொல்லக் கூடாது. நான் சொன்னாலும் நம்பாதீர்கள். பக்கத்து வயலோடும் போன ஆண்டோடும் ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது, ஏனெனில் மழையும் மண்ணும் நட்ட நாளும் வேறு. கனடாவில் 2001 முதல் நடந்துவரும் டொமேட்டோஸ்பியர் திட்டத்தில், விண்வெளி விதையும் சாதா விதையும் குறியெழுத்து மட்டும் இட்ட இரண்டு பொட்டலங்களாக வருகின்றன. எது எது என்று தெரியாமலேயே பிள்ளைகள் முளைப்பை எண்ணி அனுப்புகிறார்கள். விடை அதன் பிறகே வெளியாகிறது. நம் கண் விரும்பியதையே காணும் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. உழவர்கள் அனைவரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விதையைச் சோதித்தே தீர வேண்டும் என்றால் மிகச் சிறிய பொட்டலம் ஒன்று போதும். மகளிடம் அதையும் வழக்கமான விதையையும் கொடுத்து, அ, ஆ என்று பெயர் மாற்றி, விடையை அவளே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரே கலவையில் குழித்தட்டில் விதைத்து, ஒவ்வொன்றிலும் நூறு விதைக்கு எத்தனை முளைத்தன என்று எண்ணுங்கள். பிறகு இரண்டு வரிசை அ, இரண்டு வரிசை ஆ என மாற்றி மாற்றி நட்டு, ஒவ்வொரு பறிப்பின் எடையையும் வரிசைவாரியாக அவள் நோட்டில் குறிக்கட்டும். செத்த செடியையும் எழுத வேண்டும். அதை மறைத்தால் கணக்கே பொய்யாகிவிடும்.

கடையைப் பற்றி ஒரு வார்த்தை. குவியல் எண், பரிசோதனை நாள், காலாவதி நாள், முளைப்புத் திறன் ஆகியவை அச்சிடாத பொட்டலத்தையும், ரசீது தராத கடையையும் தொடாதீர்கள். தக்காளிக்கு முளைப்புத் திறன் குறைந்தது 70 விழுக்காடு இருக்க வேண்டும். ‘நோயே வராது’ என்று எவர் சொன்னாலும், அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், விதை ஆய்வாளரிடம் தெரிவியுங்கள். நோயில் அடிபட்ட உழவரின் பயத்தை விலையாக்கும் இத்தகைய வியாபாரம் எனக்கு ஆற்றாத கோபத்தைத் தருகிறது.

இலைச்சுருளை விதை மட்டும் தடுக்காது; அந்த நச்சுயிரியைப் பரப்புவது வெள்ளை ஈ. நாற்றங்காலை நுண்கண் நைலான் வலைக்குள் வையுங்கள். நடவுக்கு முன்பே வயலைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு வரிசை விதையுங்கள். சுருண்ட செடியைக் கண்ட அன்றே பிடுங்கி அழியுங்கள். அதிக விலை கொடுக்கவிருந்த பணத்தில் வலை வாங்கலாம். கடைசிப் பறிப்பு முடிந்ததும், முடிவு எதுவானாலும் மகளின் நோட்டைப் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். பையூர் ஆராய்ச்சி நிலையத்திலும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் அவளையே அழைத்துச் சென்று காட்டுங்கள்.